சளி பிடித்தவர் கொடுத்த ரத்தம்

போன வருஷம் அத்தைக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கம்போல வாட்ஸ்அப்பில் ஓ பாசிட்டிவ் தேடி, கடைசியில் தம்பியின் நண்பன் ஒருவனை பைக்கில் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வைத்தோம். காலையில் கொடுத்தான். சாயங்காலம் போன்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, மதியத்துல இருந்து தொண்டை கரகரங்குது, உடம்பு லேசா சுடுது. ரத்தம் கொடுத்திருக்கேன்ல, அதான் சொல்லிடலாம்னு." இதைக் கேட்டதும் மாமா ஆடிப்போய்விட்டார். "அந்த ரத்தத்தை ஏத்திட்டாங்களா இல்லையா, முதல்ல அதைக் கேளுப்பா" என்று என்னைக் கீழே துரத்தினார்.

அன்றைக்கு ரத்த வங்கி வாசலில் நின்றபோதுதான் இதைப் பற்றி எனக்கே சரியாகத் தெரியாது என்று உறைத்தது. எச்ஐவி ரத்தத்தில் பரவும், மஞ்சள் காமாலைக் கிருமி பரவும், இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. கொரோனா, ஃப்ளூ, சாதாரண சளி மாதிரி மூச்சில் பரவும் வைரஸ்கள் ஒரு பை ரத்தத்தில் ஏறி இன்னொருவர் உடம்புக்குப் போகுமா? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவோ ஃப்ளூவோ ரத்தம் ஏற்றியதால் தொற்றியது என்று உறுதி செய்யப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது "அது சுவாச வைரஸ், அதனால் ரத்தத்தில் பரவாது" என்பது, பாதிதான் சரி.

ஏன் பாதி என்றால், சுவாச வைரஸ் என்ற பெயர் அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே வந்து எங்கே குடியிருக்கிறது என்பது தனிக் கதை. பார்வோ வைரஸ் பி19 என்று ஒன்று இருக்கிறது. 1975-ல் லண்டனில் ரத்த மாதிரிகளை ஹெபடைடிஸ் பி சோதனைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தபோது, பி என்ற தட்டில் 19-ஆவது மாதிரியில் தட்டுப்பட்டது, அதனால் அந்தப் பெயர். இது இருமல் தும்மலில்தான் பரவும், பள்ளிக் குழந்தைகளுக்கு அறை வாங்கியது போலக் கன்னம் சிவந்துபோகும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் இது பெருகுவது நுரையீரலில் இல்லை, எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாக மாறப்போகும் இளம் செல்களுக்குள். அங்கிருந்து நேராக ரத்தத்தில் கொட்டுகிறது. உச்சத்தில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு லட்சம் கோடி வைரஸ்வரை இருக்கலாம், அதுவும் கன்னம் சிவப்பதற்கு முந்தைய நாட்களில், ஆள் நன்றாக நடமாடிக்கொண்டு ரத்ததானம் செய்யக்கூடிய நிலையில் இருக்கும்போது! இது ரத்தம் வழியாகப் பரவியிருக்கிறது. பல ஆயிரம் பேரின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஒன்றாகக் கலந்து தயாரித்த ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துகள் வழியாக, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்குப் போயிருக்கிறது. கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால், உறையைக் கரைத்து வைரஸைக் கொல்லும் ரசாயன முறை இதனிடம் எடுபடவில்லை. அதனால்தான் இன்றைக்குப் பிளாஸ்மா மருந்து நிறுவனங்கள் இதற்கென்று தனியாகச் சோதனை செய்கின்றன.

இன்னும் பின்னால் போனால் தட்டம்மை. 1758 வாக்கில் எடின்பரோவில் ஃபிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர், அம்மை வார்த்தவர்களின் ரத்தத்தைப் பஞ்சில் தோய்த்து, மற்றவர்கள் கையில் லேசாகக் கீறி அதன்மேல் வைத்துப் பார்த்தார். பெரியம்மைக்கு அப்போது செய்துகொண்டிருந்த மாதிரி, லேசான நோயைக் கொடுத்துப் பெரிய நோயைத் தடுக்கலாம் என்பது அவர் எண்ணம். 12 பேரில் 10 பேருக்கு அம்மை கண்டதாக எழுதி வைத்தார். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) மூச்சில் பரவுவதில் தட்டம்மையை மிஞ்ச ஆளில்லை, ஆனால் உள்ளே போனதும் அது வெள்ளணுக்களில் ஏறி உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. அதன் பயணத்தில் ரத்தம் ஒரு கட்டாய நிறுத்தம்.

சரி, அப்படியென்றால் கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள டெங்குவை நினைத்துப் பார்ப்பது எளிது. டெங்கு வைரஸுக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக கொசு வேண்டும். கொசு எடுப்பது ரத்தத்தை. ஆக வைரஸ் ரத்தத்தில், அதுவும் தாராளமாக, உயிரோடு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதன் வம்சமே அந்த ஆளோடு முடிந்துவிடும். அதனால் டெங்கு ரத்தம் ஏற்றும்போது பரவியதில் ஆச்சரியமே இல்லை, ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் வெஸ்ட் நைல் வைரஸ், அதுவும் கொசு வைரஸ்தான், ரத்தம் வழியாக 23 பேருக்குப் போனது கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே எல்லா ரத்தப் பைகளையும் அதற்காகச் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஃப்ளூவுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அதற்கு வேண்டியது தும்மலில் வெளியே பறப்பது. ரத்தத்துக்குள் போய் அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உடம்பின் அமைப்பிலேயே இது தெரிகிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று காற்றைப் பார்த்த பக்கம், இன்னொன்று உள்ளே ரத்தக்குழாய்களைப் பார்த்த பக்கம். ஃப்ளூ வைரஸ் பெருகி முடித்ததும் மொட்டு விடுவது போல வெளியே வருவது காற்றுப் பக்கமாக. கொரோனா வைரஸும் இந்தச் செல்களுக்குள் நுழைவது, வெளியேறுவது இரண்டையும் பெரும்பாலும் காற்றுப் பக்கமாகவே செய்கிறது. தெருவைப் பார்த்து வாசல் வைத்த வீடு மாதிரி. கொல்லைப்புறக் கதவு கிட்டத்தட்ட பூட்டித்தான் கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நல்ல சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. கை நரம்பில் ஏற்றுகிற ரத்தம் முதலில் எங்கே போகிறது? இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நேரே நுரையீரல். ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்படியென்றால் பையில் வைரஸ் இருந்தால் அதைக் கொண்டுபோய் நுரையீரலில் சேர்த்தது மாதிரிதானே? மாதிரிதான், ஆனால் சேர்வது நுரையீரலின் ரத்தக்குழாய்க்குள், காற்றுப் பைக்குள் இல்லை. நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது என்றாலும் சுவர் சுவர்தான், அதோடு வைரஸ் தேடும் கதவுகள் பெரும்பாலும் மறுபக்கத்தில். கோட்பாட்டளவில் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். கொரோனா பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மட்டுமின்றிக் குடல், சிறுநீரகம் என்று பல இடத்தில் இருக்கிறது. அதனால்தான் 2020 தொடக்கத்தில் ரத்த வங்கிக்காரர்கள் யாரும் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் பயத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. 2003-ல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வகை நோய் வந்தபோது, 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றிய அந்த நோயில், நோயாளிகளின் பிளாஸ்மாவில் வைரஸின் மரபணுத் துணுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் முன்னெச்சரிக்கையாக, நோயாளியோடு பழகியவர்கள் சில வாரம் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்றது. கடைசியில் ரத்தம் வழியாகச் சார்ஸ் பரவியதாக ஒரு சம்பவமும் பதிவாகவில்லை, ஆனால் அந்த நோய் சில மாதத்தில் அடங்கிவிட்டதால் பெரிதாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்பும் கிடைக்கவில்லை.

கொரோனா அந்த வாய்ப்பை வேண்டிய மட்டும் கொடுத்தது. வூஹான் ரத்த மையத்தில் 2020 ஜனவரி கடைசியிலிருந்து வருகிற ரத்தத்தையெல்லாம் பிசிஆர் சோதனைக்கு உட்படுத்தினார்கள், அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரிகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாத 4 பேரின் பிளாஸ்மாவில் வைரஸின் ஆர்என்ஏ, அதாவது மரபணுத் துணுக்கு, இருந்தது. இந்தச் செய்தி வெளியானதும்தான் பலருக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. ஊர் முழுக்க நோய் கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில், ஆயிரக்கணக்கான பைகளில் 4 என்பதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்து தென்கொரியா. அங்கே ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அவர் அதற்கு முன் ரத்தம் கொடுத்தாரா என்றும் தேடினார்கள். கொடுத்த பிறகு தொற்று உறுதியான 7 பேரைப் பிடித்து, அவர்களின் சிவப்பணுவையும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டையும் வாங்கிக்கொண்ட 9 நோயாளிகளைத் தேடிப்போய்ச் சோதித்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. இன்னொரு சம்பவம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: மஜ்ஜை வேலை செய்யாமல்போன, எதிர்ப்புச் சக்தி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத ஒரு நோயாளிக்கு ஏற்றிய பிளேட்லெட், கொரோனா தொற்றியிருந்த ஒருவருடையது என்று பிறகு தெரிந்தது. பிளேட்லெட்டைக் குளிரில் வைக்க முடியாது, 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும், 5 நாளில் தீர்த்துவிட வேண்டும், அதனால் "கொஞ்ச நாள் வைத்திருந்து பார்ப்போம்" என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைரஸ் ரத்தம் வழியாக வேலை காட்டும் என்றால், காட்டுவதற்கு இதைவிட வசதியான உடம்பு கிடைத்திருக்காது.

எண்ணிக்கையில் பெரியது அமெரிக்க ஆய்வு. 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரை 6 பெருநகரப் பகுதிகளில் கிடைத்த சுமார் 2 லட்சத்து 58 ஆயிரம் ரத்ததானங்களைச் சிறு சிறு தொகுப்பாகக் கலந்து சோதித்தார்கள். உறுதியானவை 3. அதாவது லட்சத்துக்கு ஒன்று சொச்சம். அதிலும் அந்த ரத்தத்தை வளர்ப்புச் செல்களில் ஊற்றிப் பார்த்தார்கள், வைரஸ் முளைக்கவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வும் இதையே சொன்னது: ஆர்என்ஏ சிலரிடம் இருக்கிறது, உயிருள்ள வைரஸைத்தான் காணோம்.

இந்த வேறுபாடுதான் முழு விஷயத்துக்கும் சாவி, செய்திகளில் அடிக்கடி நழுவுவதும் இதுதான். பிசிஆர் சோதனை தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. திருமணம் முடிந்த மறுநாள் மண்டபத்தில் இலையும் மாலையும் கிடப்பதைப் பார்த்து இங்கே கல்யாணம் நடந்தது என்று சொல்லலாம், இப்போது போனால் சாப்பாடு போடுவார்கள் என்று சொல்ல முடியாது. நுரையீரலில் செத்துச் சிதைந்த செல்களிலிருந்து கசிந்த குப்பை ரத்தத்தில் மிதந்தாலும் சோதனை பாசிட்டிவ் என்றுதான் காட்டும்.

கேள்வி இதோடு முடிவதில்லை, ஏனென்றால் "பரவவில்லை" என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர் எங்கே இருக்கிறார்? மருத்துவமனையில், வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்திலேயே. அவருக்குக் கொரோனா வந்தால் அது பையிலிருந்தா, பக்கத்துக் கட்டிலிலிருந்தா, பார்க்க வந்த மச்சானிடமிருந்தா? சரியாகச் செய்வதென்றால் கொடுத்தவர், பெற்றவர் இருவரின் வைரஸையும் மரபணு வரிசை பார்த்து ஒப்பிட வேண்டும். இதனால் குழப்பம் ஒரு பக்கமாகத்தான் நடந்திருக்க முடியும், அதாவது பரவாதது பரவியதாகத் தோன்றியிருக்கலாம். அப்படி இருந்தும் உலகமெங்கும் கோடிக்கணக்கான யூனிட்கள் ஏற்றப்பட்ட அந்த வருடங்களில் உறுதியான ஒரு சம்பவம்கூட எழவில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது: குணமானவர்களின் பிளாஸ்மாவை நோயாளிகளுக்கு ஏற்றும் சிகிச்சை. அமெரிக்காவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்றினார்கள், நம் ஊரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், மரணத்தையோ நோய் முற்றுவதையோ அது தடுக்கவில்லை என்று தெரிந்து, 2021 மே மாதம் சிகிச்சை வழிமுறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மருந்தாக அது தோற்றது உண்மை. எடுத்தது எல்லாமே கொரோனா வந்து போனவர்களின் ரத்தம்தான், ஆனால் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏற்கனவே கொரோனா இருந்ததால், ரத்தத்தில் பரவுமா என்பதற்கு இதைச் சாட்சியாக வைக்க முடியாது.

அதனால் கொரோனாவுக்காக ரத்தப் பைகளைச் சோதிக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ உட்பட எல்லோரும் முடிவு செய்தார்கள். இந்தியாவில் ஒவ்வொரு பையிலும் கட்டாயமாகப் பார்ப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தை. கொரோனாவை அதில் சேர்க்கவில்லை, சேர்க்காதது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இருக்கும் ஐந்தையே ஒழுங்காகப் பார்ப்பதற்குப் பணமும் ஆளும் போனால் போதும்.

உண்மையில் அந்தக் காலத்தில் நோயாளிகளை வதைத்தது ரத்தத்தில் இருந்த வைரஸ் இல்லை, ரத்தமே இல்லாதது. 2020 மார்ச் நடுவிலேயே அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட 2,700 முகாம்கள் ரத்தாகி 86,000 ரத்ததானங்கள் குறைந்துவிட்டதாகச் சொன்னது. இங்கே கல்லூரிகள், கம்பெனிகள் மூடினதும் முகாம்கள் நின்றுபோயின. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், ஊரடங்கு என்று அந்தக் குழந்தையின் உடம்புக்குத் தெரியாது. அப்புறம் 2021 மார்ச்சில் தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில், தடுப்பூசி போட்டால் 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. இரண்டு டோஸுக்கும் இடைவெளியையும் சேர்த்தால் ரத்தம் கொடுக்கும் வயதில் இருக்கும் இளைஞர்கள் இரண்டு மாதம் காணாமல் போவார்கள். மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி என்று அறிவித்ததும், ஊசி போடுவதற்கு முன் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஊர் ஊராகக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அந்த மாதமே 28 நாளை 14 ஆகக் குறைத்தார்கள், தொற்று வந்து நெகட்டிவ் ஆனவர்களுக்கும் அதே 14 நாள்தான்.

அப்படியென்றால் சளி, காய்ச்சல் இருப்பவரை ஏன் இன்றைக்கும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். ஒன்று, அவருக்கே நல்லதில்லை, காய்ச்சலோடு 350 மில்லி ரத்தத்தை இழந்தால் மயங்கி விழலாம். இரண்டு, ஆரம்பக் காய்ச்சல் சளிக் காய்ச்சலா டெங்குவா என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. டெங்கு என்றால் கதையே வேறு. மூன்று, முகாம் நடக்கும் அந்த மூடின அறை. வரிசையாகக் கட்டில், ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து ஊசி குத்தும் தூரம், பிறகு எல்லோரும் ஒரே மேஜையில் பிஸ்கட்டும் ஜூஸும். மூச்சில் பரவும் நோய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனபிறகு உடம்பு சரியில்லை என்றால் போன் பண்ணிச் சொல்லுங்கள் என்று ரத்த வங்கியில் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை, ஆனால் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்ஐவி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். அது வெளியே தெரிந்ததே, ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானாகவே ரத்த வங்கிக்குச் சொன்னதால்தான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது என்பதுதான் கொடுமை. சோதனைக் குழாயில் சிக்காத நாட்கள் என்று ஒவ்வொரு கிருமிக்கும் சில உண்டு, அந்த இடைவெளியில் இந்த மாதிரி ஒரு போன்கால் பெரிய உதவி.

எங்கள் கதைக்கு வருகிறேன். ரத்த வங்கியில் இருந்த டெக்னீசியன் அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சொன்னது நல்லதாப் போச்சு தம்பி, அந்தப் பையை எடுத்து வச்சிடறேன்" என்றார். அப்புறம்தான் விளக்கினார், அத்தைக்கு மதியம் ஏற்றியது இவன் கொடுத்த ரத்தமே இல்லையாம். அது ஏற்கனவே சோதித்து ஸ்டாக்கில் இருந்த யூனிட், அதற்குப் பதிலாக நாங்கள் கொண்டுவந்த ஆளின் ரத்தம் ஸ்டாக்குக்குப் போகிறது, சோதனை முடிந்து வேறு யாருக்கோ. நான் இவ்வளவு வருஷமாக, நாம் கூட்டிப்போகிற ஆளின் ரத்தம்தான் நம் ஆளுக்கு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவிடம் போய்ச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இவ உடம்புல ஓடுறது யார் ரத்தம்டா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அத்தை ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஒரு தும்மல்கூட இல்லை. அந்தப் பையனை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, காது பக்கத்தில் அவன் பேசிக்கொண்டே வர, முக்கால் மணி நேரம் ஓட்டிப்போன என் தம்பிதான் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தான்.